கடல் காற்றாலைக்கு டிசியா, ஏசியா? ஒரே தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

கடல் காற்றாலையின் மின்சாரத்தை டிசியில் சேர்ப்பது பற்றிக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் நேராகக் கன்வெர்ட்டர் (ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் கருவி) சர்க்யூட்டுக்குள் தலையை விடுகிறார்கள். நான் அவர்களிடம் கொடுப்பது ஒரு வெற்றுத்தாளும் கால்குலேட்டரும்தான். கேபிளிலிருந்து ஆரம்பியுங்கள்.

வட கடலில் ஜெர்மனியின் பார்ட் ஆஃப்ஷோர் 1 பண்ணையை எடுத்துக்கொள்வோம். தலா 5 மெகாவாட்டில் 80 டர்பைன்கள், மொத்தம் 400 மெகாவாட். அதைக் கொண்டுவரும் போர்வின் 1 இணைப்பு கடலில் 125 கிலோமீட்டர், தரையில் 75 கிலோமீட்டர் ஓடுகிறது. இதை 220 கிலோவோல்ட் ஏசியில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மின்னியலைப் பொறுத்தவரை கேபிளும் ஒரு நீளமான கெப்பாசிட்டர்தான், ஏசியில் அதை நிரப்பிக் காலி செய்யவே ஒரு கரண்ட் ஓடும். கிலோமீட்டருக்கு 0.19 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். சரியான எண் உங்கள் கேபிளின் டேட்டாஷீட்டில் இருக்கும். 2 × பை × 50 × கெப்பாசிட்டன்ஸ் × 127 கிலோவோல்ட். (மூன்று ஃபேஸில் ஒன்றின் வோல்டேஜ் அந்த 127, அதாவது 220ஐ ரூட் 3ஆல் வகுத்தது, பலர் சறுக்குவது இங்கேதான்.) கிலோமீட்டருக்கு சுமார் 7.6 ஆம்பியர் வரும். கடல் பகுதிக்கு மட்டும் 950 ஆம்பியர். இந்த ரகக் கேபிள் தாங்குவதே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு யூனிட்கூடக் கரைக்கு வராமலே கேபிள் நிரம்பிவிட்டது! இரு முனையிலும் ரியாக்டர் (இந்தக் கரண்டை ஈடுகட்டும் பெரிய காயில்) வைத்தால் சுமை பாதிப்பாதியாகப் பிரியும். ஆனால் தரையின் 75 கிலோமீட்டர் இன்னும் பாக்கி இருக்கிறதே.

இதையே ±150 கிலோவோல்ட் டிசியில் போடுங்கள். 400 மெகாவாட்டை, +150க்கும் -150க்கும் இடையிலுள்ள 300 கிலோவோல்ட்டால் வகுத்தால் 1,333 ஆம்பியர், அத்தனையும் வேலைக்கு ஆகும் கரண்ட். போர்வின் 1 தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

சரி, கரைக்குப் போகும் பாதை டிசி. பண்ணைக்குள்ளும் டிசியே ஓடினால்? இன்றைய டர்பைன் ஒன்றில் மின்சாரம் எத்தனை முறை வேஷம் மாற்றுகிறது என்று வரிசையாக எழுதுங்கள். ஜெனரேட்டரில் ஏசி, ரெக்டிஃபயரில் டிசி, இன்வெர்ட்டரில் மறுபடி ஏசி, கடலில் நிற்கும் கன்வெர்ட்டர் மேடையான பிளாட்ஃபாரத்தில் டிசி, கரையில் ஏசி. நடுவிலுள்ள ஏசியை அடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். அடித்த இடத்தில் ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டரை எழுதியாக வேண்டும், ஏனென்றால் வோல்டேஜை ஏற்றாமல் கேபிளில் விட முடியாது. அதற்குள்ளும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 500 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அதே சுற்றுகளுக்கும் ஃபிளக்ஸ் (காந்தப்பாயம்) அடர்த்திக்கும் அதன் இரும்புக் கோரின் குறுக்குப்பரப்பு பத்தில் ஒன்றாகும். (கோர் சூடாகும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு குறையாது.) கோபுரத்தின் மேல் எடை குறைவது பெரிய லாபம்தான்.

இழப்புக் கணக்கை முழு லோடில் மட்டும் போடாதீர்கள். காற்று எப்போதும் முழு பலத்தில் வீசாது. பாதி லோடில் கேபிள் இழப்பு கால் பங்காகிவிடும், ஆனால் கன்வெர்ட்டரின் நிலையான இழப்பு அப்படியே நிற்கும். இதைச் சேர்த்துப் பார்த்தால் டிசியின் மேன்மை பல சமயம் சுருங்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால், தீர்ப்பு பிரேக்கரில்தான் (ஷார்ட் ஆனால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், பிரேக்கர் திறக்கும்போது எழும் மின்பொறியை (ஆர்க்) அப்போது அணைத்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யம் கிடையாது. டர்பைன்களின் மின்சாரத்தைச் சேர்க்கும் 70 கிலோவோல்ட் சேகரிப்புக் கேபிளில் ஷார்ட் ஆகிறது, வழியில் 50 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென ஏறுவதைத் தடுக்கும் குணம்) இருக்கிறது என்று வையுங்கள். வோல்டேஜை இண்டக்டன்ஸால் வகுங்கள்: மில்லிசெகண்டுக்கு 1.4 கிலோஆம்பியர் ஏறும். மூன்று சைக்கிளில், அதாவது 60 மில்லிசெகண்டில் திறக்கும் சாதாரண பிரேக்கரை நம்பினால், அதற்குள் கன்வெர்ட்டரின் டயோடுகள் கதி என்ன? 2012இல் ஏபிபி நிறுவனம் அறிவித்த ஹைப்ரிட் பிரேக்கர் (மெக்கானிக்கல் சுவிட்சும் எலக்ட்ரானிக் சுவிட்சும் சேர்ந்தது) 5 மில்லிசெகண்டில் துண்டிக்கும் என்றார்கள். அந்த நேரத்திலேயே 7 கிலோஆம்பியர். அப்படி ஒன்றை ஒவ்வொரு ஸ்டிரிங்கிலும் (ஒரே கேபிளில் கோத்த டர்பைன் வரிசை) வைக்க என்ன ஆகும் என்று விலை கேளுங்கள்.

வட கடல் பண்ணைகளுக்குள் இன்னும் ஏசி ஓடுவதற்கு இது முக்கியக் காரணம். அவர்கள் வேறு வழியில் மிச்சம் பிடித்தார்கள். பார்ட் பண்ணையில் ஏசி வோல்டேஜை ஏற்றத் தனி பிளாட்ஃபாரம் ஒன்று உண்டு. அதே வட கடலில் உள்ள இன்னொரு இணைப்பான 900 மெகாவாட் டோல்வின் 5இல் டர்பைன்களின் 66 கிலோவோல்ட் கேபிள்கள் நேரே கன்வெர்ட்டர் பிளாட்ஃபாரத்துக்கே வருகின்றன, நடுப் பிளாட்ஃபாரம் இல்லை.

இதற்குப் பிறகும் உங்கள் வரைபடத்தில் டிசி சேகரிப்பு வேண்டும் என்றால், ஒவ்வொரு சேகரிப்புக் கேபிளுக்குப் பக்கத்திலும் ஒரு எண்ணை எழுதுங்கள்: இது அறுந்தால் எத்தனை மெகாவாட் நிற்கும்? எங்காவது 400, அதாவது முழுப் பண்ணையும், என்று வந்தால் அந்த வரைபடத்தை மாற்றிப் போடுங்கள்.