கதீட்டர் எங்கே நின்றது? தமனி கோடிங்கின் முதல் கேள்வி

அமெரிக்காவில் மருத்துவச் செயல்முறைகளுக்குப் பில் போட எண் கொடுக்கும் முறையான சிபிடி கோடிங்கில், கதீட்டரின் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) முனை எட்டிய கடைசிக் கிளைதான் கணக்கு. அதற்கு வழிகாட்டும் கம்பியான கைடு ஒயர் மட்டும் போன இடம் சேராது. வயிறு, இடுப்பு, கால் தமனிகளுக்கு, பெருந்தமனியிலிருந்து நேராகப் பிரியும் முதல் நிலைக் கிளை 36245, இரண்டாம் நிலை 36246, மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் 36247.

வலது தொடையில் குத்தி, பெருந்தமனிப் பிரிவைத் தாண்டி இடது காலுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இடது காமன் இலியாக் முதல் நிலை, எக்ஸ்டர்னல் இலியாக் இரண்டு, சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் மூன்று. போட வேண்டியது 36247 ஒன்று மட்டுமே. வழியில் கடந்த கிளைகளையோ, பெருந்தமனிக்கான 36200-ஐயோ அதே துளைக்குச் சேர்த்தால் க்ளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் பில்) திரும்பும். கதீட்டரைச் சற்றுப் பின்னிழுத்து ப்ரோஃபுண்டாவுக்குள்ளும் (தொடையின் ஆழ்தமனி) செலுத்தியிருந்தால், அதே குடும்பம், அதாவது ஒரே முதல் நிலைக் கிளையிலிருந்து பிரிபவை என்பதால் 36248 கூடும். வயிற்றுத் தமனிகளான சீலியாக், மேல் மெசென்டெரிக் போல வேறு வேறு குடும்பமானால் ஒவ்வொன்றுக்கும் தனி கோடு. இரண்டாவதற்கு, இது தனிச் செயல்முறை என்று காட்டும் மாடிஃபையர் 59 தேவைப்படலாம்.

பெரும்பாலும் சறுக்குவது மருத்துவர் எழுதும் ரிப்போர்ட்டில்தான். ‘இடது கால் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது’ என்ற வரியை வைத்து நிலையை ஊகிக்கவே கூடாது; கதீட்டர் பெருந்தமனியில் நின்றபடியே, படத்தில் தமனி தெரிவதற்கான மருந்தைச் செலுத்தியிருக்கலாம். குத்திய இடம், சென்ற திசை, முனை நின்ற தமனியின் பெயர் மூன்றும் வேண்டும். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு அடெண்டம் (ரிப்போர்ட்டுக்கான பின்சேர்ப்பு) வாங்குங்கள். அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலுக்கான 76937-க்குச் சேமித்த படம் கட்டாயம்.

ஸ்டென்ட், பலூன் சிகிச்சை என்றால் கதீட்டர் செலுத்தியதும் அந்தச் சிகிச்சைக்கான கோடிலேயே அடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.