நடுவிலிருந்தே வாங்கலாம், முதல் பாகம் தேவையில்லை

காதலும் மர்மமும் கலந்த ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல் வரிசை ஒன்றில் நான்காவது நாவல்தான் பிடித்திருக்கிறதா? முந்தைய மூன்றை வாங்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் பின்னட்டையிலும் நாயகன், நாயகி பெயரை மட்டும் பாருங்கள். ஜோடி மாறிக்கொண்டே இருந்தால், பிடித்ததை நேரடியாக எடுத்துவிடலாம்.

காதல் கதை மனநிறைவோடு முடிய வேண்டும் என்பது இந்த வகையின் எழுதப்படாத ஒப்பந்தம். ஜோடி சேர்ந்ததும் அவர்கள் கதை முடிந்துவிடும். அடுத்த பாகத்துக்கு அண்ணனோ, தோழியோ, கூட வேலை செய்யும் போலீஸ்காரரோ நாயகராகிவிடுவார். ஹார்லிகுவின் என்ற காதல் நாவல் பதிப்பகம் 1984இல் தொடங்கிய ‘இன்ட்ரிக்’ மாதிரியான வரிசைகளில் பெரும்பாலும் இப்படித்தான். பழைய ஜோடி கைக்குழந்தையோடு ஒரு காட்சியில் வந்து போவார்கள், அவ்வளவுதான். அவர்கள் பிழைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடுமே என்றால், அது எப்படியும் தெரிந்ததுதானே!

ஒரே ஜோடி இரண்டு பின்னட்டைகளில் வந்தால் இது பலிக்காது. கொலைகாரன் பாகம் பாகமாகத் தப்பித்துக்கொண்டே போகும் வரிசைக்கும் அப்படித்தான். பிரிந்தவர்கள் மீண்டும் சேரும் கதையில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்: நான்காம் பாகத்தில் சேருகிறவர்கள் இரண்டாம் பாகத்தில் துணைப் பாத்திரங்களாகச் சண்டை போட்டுப் பிரிந்திருப்பார்கள். அந்தச் சண்டையைப் படிக்காமல் போனால் பாதி ருசி போச்சு. சரி, அப்போது அந்த இரண்டாம் பாகத்தை மட்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.