புது ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கியிருக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் புது ஸ்டாண்ட் மிக்ஸரில் செய்த முதல் கேக் மாவை வழித்து எடுக்கும்போது, கிண்ணத்தின் அடியில் வெண்ணெயும் சர்க்கரையும் ஒரு வட்டமாக, கலக்காமல் அப்படியே ஒட்டிக்கிடந்தன. மேலே இருந்தது பத்து நிமிடம் சுற்றியிருக்கிறது, அடியில் இருந்ததை, மாவைக் கலக்கும் துடுப்பான பீட்டர் (beater) தொடவே இல்லை. பழுதான இயந்திரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பழுது எதுவும் இல்லை, பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டியதுதான் தவறு. அதற்கப்புறம் பழகப் பழகத்தான் புரிந்தது: கைவலியை இந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் கிண்ணத்தைக் கவனிக்கிற வேலை நம்மிடமேதான் இருக்கிறது. அதை விட்டுவிடும்போதுதான் கிட்டத்தட்ட எல்லாத் தவறும் நடக்கிறது.

முதலில் பீட்டருக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி விஷயத்தையே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பல பேருக்கு இதைச் சரிசெய்ய முடியும் என்பதே தெரியாது. இந்த மிக்ஸர்களில் கிண்ணம் அசையாது. பீட்டர் தன்னைத் தானே ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, கிண்ணத்தை எதிர்ப்பக்கமாக வலம் வரும், கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல. ஆகவே பீட்டரின் நுனி கிண்ணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறதோ அவ்வளவுக்குத்தான் மாவு கலக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். மெல்லிய நாணயம் ஒன்றைக் கழுவித் துடைத்துக் காலிக் கிண்ணத்தின் அடியில் போடுங்கள், தட்டையான பீட்டரை மாட்டி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். பீட்டர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நாணயம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தால் சரி. அசையவே இல்லையென்றால் பீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாணயத்தை விடாமல் தள்ளிக்கொண்டே போனால் ரொம்பத் தாழ்ந்திருக்கிறது, அப்படியே விட்டால் நாளடைவில் கிண்ணமும் பீட்டரின் பூச்சும் உரசித் தேயும். மேல்பாகத்தை, அதாவது தலையை, பின்னால் சாய்த்துத் திறக்கும் வகைகளில் பெரும்பாலும் கழுத்து மடங்கும் இடத்தில் ஒரு திருகு இருக்கும், சில தயாரிப்புகளில் பீட்டரின் தண்டிலேயே நட் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கால் சுற்றுக்குமேல் ஒரே தடவையில் திருப்பாமல், திருப்பித் திருப்பிச் சோதியுங்கள். ஐந்து நிமிட வேலை, பலன் வருஷக்கணக்கில்.

இடைவெளி சரியாக இருந்தாலும் நடுவில் நிறுத்தி வழித்துவிடத்தான் வேண்டும். கிண்ணத்தின் அடியில் நடுவே ஒரு மேடு இருந்தால், அதைச் சுற்றி மாவு ஒளிந்துகொள்ளும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பாட்டுலாவை உள்ளே விடவே விடாதீர்கள். ஸ்பாட்டுலா போனால் போகட்டும், விரல் போய்விடக் கூடாது.

அடுத்தது வேகம். பத்து வேகம் இருக்கிறது என்றால் பத்தும் எல்லாவற்றுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ரொட்டி மாவு பிசைவதற்குப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது 2ஆம் வேகம் மட்டும்தான். கையேட்டில் அது தெளிவாக எழுதியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. ரொட்டி மாவுக்காகப் பீட்டருக்குப் பதில் மாட்டும் கொக்கியைக் கெட்டியான மாவு எதிர்த்து இழுக்கும்போது அந்தச் சுமை முழுவதும் கியரில்தான் விழும். வேகத்தைக் கூட்டினால் மாவு சீக்கிரம் தயாராகும் என்பதைவிட மோட்டார் சீக்கிரம் சூடாகும் என்பதுதான் நிச்சயம். சில மாடல்களில் ஒரு பல்சக்கரத்தை வேண்டுமென்றே மென்மையான பொருளில் செய்து வைத்திருப்பார்கள், மோட்டார் எரிவதற்கு முன்னால் அது உடைந்துகொள்ளட்டும் என்று. “பிளாஸ்டிக் கியர் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்” என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கென்னவோ அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது, மோட்டாரை மாற்றுவதைவிடப் பல்சக்கரத்தை மாற்றுவது எவ்வளவோ மேல்.

இத்தனைக்கும் இந்த இயந்திரத்தின் பூர்வீகமே ரொட்டி மாவுதான். 1908இல் ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், பேக்கரிக்காரர் ஒருவர் உலோகக் கரண்டியால் மாவைக் கிளறிக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் இப்படி ஒன்றை யோசித்தார் என்று சொல்வார்கள். முதலில் வந்தவை பேக்கரிகளுக்கான ராட்சத மிக்ஸர்கள். 1919இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கு வந்த மாடலே 30 கிலோவை ஒட்டிய எடை. இன்று நம் மேடையில் நிற்பது அதைவிட எவ்வளவோ இலகுவானது, அதனிடம் பேக்கரி வேலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணையும் நம்பி இறங்க வேண்டாம். அது மோட்டார் பிளக்கிலிருந்து இழுக்கிற மின்சாரம், கொக்கியில் வந்து சேர்கிற பலம் அல்ல. கியர் அமைப்பு நன்றாக இருந்தால் 300 வாட் மிக்ஸர்கூட அமைதியாகப் பிசைந்து தள்ளும்.

அளவும் இதோடு சேர்ந்ததுதான். கிண்ணம் 5 லிட்டர் என்றால் 5 லிட்டர் மாவு பிசையலாம் என்று அர்த்தமில்லை. அதிகபட்சம் எவ்வளவு மாவு போடலாம் என்று கையேட்டில் கிராம் கணக்கில் இருக்கும், கெட்டியான மாவு என்றால் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். மாவு கொக்கியில் ஏறிக் கழுத்துவரை வந்துவிடுகிறது என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேர் அளவை மீறியிருப்பார்கள், இல்லாவிட்டால் வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். நிறுத்தி, கையால் கீழே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதற்குமேலும் ஏறினால் இரண்டாகப் பிரித்துப் பிசைவதுதான் வழி.

இங்கே இன்னொரு பெரிய தவறு நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் மாவு கிண்ணத்தில் ஒட்டுவதைப் பார்த்துப் பதறி, ஒரு கை மாவு, இன்னொரு கை மாவு என்று அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம். கடைசியில் ரொட்டி செங்கல்லாக வரும். மாவு தண்ணீரைக் குடிக்க நேரம் வேண்டும். மாவும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்தவுடன் நிறுத்தி, மூடி, 20 முதல் 30 நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். பிரெஞ்சு ரொட்டிப் பேராசிரியர் ரேமோன் கால்வெல் இதை ஆட்டோலிஸ் என்று பெயரிட்டுப் பரப்பினார். யாரும் பிசையாமலேயே பசைப் புரதமான குளூட்டன் தானாகப் பின்னிக்கொள்ளத் தொடங்கிவிடும். அப்புறம் உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்தால் குறைந்த நேரமே போதும். மாவுக்கும் நல்லது, மோட்டாருக்கும் நல்லது. கையால் பிசையச் சொல்லும் குறிப்பில் இருக்கும் நேரத்தையும் அப்படியே இயந்திரத்துக்கு வைக்காதீர்கள். நான்கைந்து நிமிடத்தில் நிறுத்தி ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி, மெதுவாக நாலா பக்கமும் விரித்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய திரையாக விரிந்தால் வேலை முடிந்தது, கடிகாரம் என்ன சொன்னாலும் சரி.

இனி நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிற விஷயம், சூடு. கொக்கி சுற்றச் சுற்ற உராய்வில் மாவு சூடாகும். கையால் பிசையும்போது இது பெரிதாகத் தெரியாது, மிக்ஸரில் பத்து டிகிரிவரை வித்தியாசம் காட்டும். ஈஸ்ட் ரொட்டி மாவு பிசைந்து முடிக்கும்போது 24 முதல் 26 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிதானமாகப் பொங்கும், ருசியும் சேரும். 30ஐத் தாண்டிவிட்டால் அவசர அவசரமாகப் பொங்கி, பிசுபிசுத்து, கைக்கு அடங்காது. இதற்கு பேக்கரிக்காரர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவின் வெப்பநிலையை மூன்றால் பெருக்குங்கள், அதிலிருந்து அறை, பிசைவதற்கு முந்தைய உலர்ந்த மாவு, தண்ணீர் மூன்றின் வெப்பநிலையையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் மிக்ஸர் சேர்க்கிற சூட்டின் எண். உதாரணமாக அறை 30, உலர்ந்த மாவு 30, தண்ணீர் 10, பிசைந்த மாவு 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். 27ஐ மூன்றால் பெருக்கினால் 81, அதில் 70 போனால் 11. அடுத்த தடவை பிசைந்த மாவு 25 டிகிரியில் வேண்டுமென்றால் 75இலிருந்து 30, 30, 11 மூன்றையும் கழியுங்கள், 4 வரும். ஆக 4 டிகிரித் தண்ணீர், அதாவது ஐஸ் போட்டுக் குளிரவைத்த தண்ணீர் வேண்டும். அதே அளவு மாவு, அதே வேகம், அதே நேரம் என்று வைத்துக்கொள்ளும்வரை இந்த எண் பெரிதாக மாறாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒரே ஒரு தடவை அளந்து, அந்த எண்ணை மிக்ஸரின் அடியிலேயே ஒட்டி வையுங்கள். மிக்ஸருக்கு எத்தனையோ உபரிக் கருவிகள் விற்கிறார்கள், இந்த தெர்மாமீட்டர் அளவுக்கு எதுவும் எனக்கு உதவியதில்லை.

கேக்கிலும் இதே சூடுதான் கெடுக்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயில் கீறிக் கீறிக் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்களை அடைக்கின்றன, கேக் உப்புவதற்கு அவைதான் அஸ்திவாரம். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் அந்தக் காற்று நிற்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. அறை சூடாக இருந்தால் வெண்ணெயைச் சற்றுக் குளிராகவே எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மிக்ஸரின் உராய்வே பார்த்துக்கொள்ளும். நடுத்தர வேகத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம், நிறம் வெளுத்துப் பஞ்சுபோல வரும்வரை. மாவு சேர்த்த பிறகு நேர் எதிர். குறைந்த வேகத்தில் சில விநாடிகள் சுற்றி, வெள்ளைக் கோடுகள் இன்னும் தெரியும்போதே நிறுத்திவிட்டு, கடைசிக் கலவையை ஸ்பாட்டுலாவால் கையாலேயே முடியுங்கள். ரொட்டியில் நமக்கு வேண்டிய குளூட்டன், கேக்கில் ரப்பராக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கம்பி விஸ்க் காற்றடைக்க மட்டும்தான்: கிரீம், முட்டை வெள்ளைக்கரு, அந்த மாதிரி. குளிர்ந்த வெண்ணெய்க் கட்டியிலோ குக்கி மாவிலோ அதை இறக்கினால் கம்பி வளையும், வளைந்த கம்பியைப் பழையபடி நிமிர்த்துவது கஷ்டம். கிரீமில் குறைந்தது 30 சதவீதம் கொழுப்பு வேண்டும், கிரீம், கிண்ணம், விஸ்க் மூன்றுமே ஃபிரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும். முழு வேகத்தில் விட்டுவிட்டுப் போனை எடுத்தீர்களானால் திரும்பும்போது கிரீம் இருக்காது, வெண்ணெய் இருக்கும். நடுத்தர வேகத்தில் குமிழ்கள் சிறிதாக, ஒரே சீராக வரும், சீக்கிரம் உடையவும் செய்யாது. வெள்ளைக்கருவில் துளி மஞ்சள் கருவோ கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை எழும்பத் திணறும். ஒரே ஒரு முட்டையின் வெள்ளைக்கரு பெரிய கிண்ணத்தில் விஸ்க்குக்கு எட்டவே எட்டாது, அதற்குக் கையே போதும்.

கழுவும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பூச்சு இல்லாத அலுமினியப் பீட்டரையும் கொக்கியையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால், அந்தக் காரமான சோப்பில் உலோகம் கறுத்து, தொட்டால் சாம்பல் நிறக் கறை கையில் ஒட்டும், அடுத்த மாவிலும் ஒட்டும். இவற்றைக் கையால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். எஃகு என்றால் கவலையில்லை. எது என்ன உலோகம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் வோல்ட்டேஜைப் பார்க்காமல் பிளக் மாற்றியை மட்டும் மாட்டிவிடுகிறார்கள். 120 வோல்ட் மிக்ஸரை 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். மாற்றி பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது.

பிசையும்போது மிக்ஸர் மேடையில் மெல்ல நடக்கும், தலை சாயும் வகைகள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே. தலைப் பூட்டைப் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள், மேடையும் ரப்பர் கால்களும் மாவுத் தூசி இல்லாமல் இருக்கட்டும், பிசைந்து முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். விளிம்பிலிருந்து விழுந்தால் இயந்திரத்தோடு போகாது, கீழே யாருடைய காலாவது இருக்கும்.

கடைசியாக, பல மாதம் தொடாமல் வைத்துவிட்டு ஒருநாள் எடுத்தால் பீட்டர் மாட்டும் தண்டிலிருந்து எண்ணெய் சொட்டுவதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், உள்ளே கியருக்குப் போட்டிருக்கும் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வடிவதுதான் அது. துடைத்துவிட்டு, கிண்ணத்தில் எதுவும் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வேகமாக ஓடவிட்டால் கிரீஸ் மறுபடி கலந்துகொள்ளும். அடிக்கடி ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, அதனால் அலமாரிக்குள் பூட்டாமல் மேடையிலேயே ஒரு மூலையில் இடம் கொடுங்கள். துடைத்த பிறகும் மாவில் எண்ணெய் விழும் அளவுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தால், பழைய கிரீஸை வழித்துப் புதிதாகப் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது, சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.