வரலாற்றுப் புத்தகத்தில் தப்பு கண்டுபிடிப்பது எப்படி? திருப்பத்தூரிலிருந்து ஆரம்பிப்போம்

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. கடையில் வாங்கிய ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூரை வாணியம்பாடிக்குக் கீழே புள்ளி வைத்துக் காட்டியிருந்தார்கள். 1801 அக்டோபர் 24, தேதி சரி. பெயரும் சரி. ஊர்தான் வேறு. காரைக்குடியில் பஸ் ஏறி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டினால் வருமே, அந்தத் திருப்பத்தூர்.

இப்படி ஒன்று சிக்கியதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் எந்தப் பதிப்பு, எந்த வருஷம் என்று பாருங்கள். கீழடியில் குடியிருப்பு கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்ற தொல்லியல் துறை அறிக்கை வெளியானது 2019இல். 2018இல் அச்சான பாடத்தில் அது இல்லையென்றால் தப்பு இல்லை, பழசு, அவ்வளவுதான்.

அடுத்தது வருஷங்கள். ராஜேந்திர சோழனுக்கு ஒரு புத்தகத்தில் 1012, இன்னொன்றில் 1014 என்று இருக்கும். இரண்டுமே சரிதான். 1012இல் அப்பா இருக்கும்போதே இளவரசுப் பட்டம், 1014இலிருந்து தனி ஆட்சி. எண்ணிக்கைகளில் யார் எண்ணியது என்று கேளுங்கள்: ஜாலியன்வாலாபாக்கில் செத்தவர்கள் 379 பேர் என்பது அரசாங்கக் கணக்கு, காங்கிரஸ் விசாரணைக் குழு சுமார் ஆயிரம் என்றது. யார் சொன்னது என்று போடாமல் 379 என்று மட்டும் அச்சடித்தால் அதைத்தான் நான் குறையாகச் சொல்வேன்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது 'முதல்' என்ற சொல். முதல் சுதந்திரப் போர் 1857 என்பார்கள், இல்லை 1806 வேலூர் என்பார்கள், நம் பக்கத்து ஆட்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சின்ன மருது வெளியிட்ட 1801 திருச்சிப் பிரகடனத்தைக் காட்டுவார்கள், அதற்கும் முன்னால், 1780இலேயே வேலு நாச்சியார் ஹைதர் அலி உதவியோடு சிவகங்கையை மீட்டுவிட்டார். எதில் முதல்? சிப்பாய்கள் எழுந்ததிலா, பாளையக்காரர்கள் கூடியதிலா, ஒரு ராணி சண்டை போட்டதிலா? இதற்குப் பதில் சொல்லாமல் 'முதல்' என்று வந்தால் பென்சிலால் சுழித்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு இதைப் பழக்க வீட்டு முகப்பே போதும். எங்கள் வீட்டு நிலைக்கு மேலே 'விகாரி வருஷம்' என்று செதுக்கியிருக்கிறது. வீட்டுக்கு இருநூறு வயது என்பது அப்பத்தா கட்சி. விகாரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1839, 1899, 1959. தூண் எல்லாம் பர்மா தேக்கு. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு நம்மவர்கள் அங்கே பிழைப்பை விட்டு ஓடிவந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு, அதனால் 1959 சந்தேகம்தான். மீதி இரண்டில் எது என்று பார்க்கப் பெட்டகத்தில் இருந்த பழைய பத்திரத்தை எடுத்தோம், 1897இல் மனை வாங்கியிருக்கிறார்கள். அப்பத்தா இரண்டு நாள் பேசவில்லை.

சரி, தப்பு உறுதியானால்? வகுப்பில் எழுந்து நின்று ஆசிரியரை மடக்கச் சொல்லாதீர்கள், தனியாகப் போய்க் காட்டட்டும். பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும், மார்க் முக்கியம். அப்புறம் பதிப்பாளருக்கு அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: பதிப்பு, பக்கம், அச்சான வரி, இருக்க வேண்டிய வரி, அதற்கு ஆதாரம். கோபம் வேண்டாம், தமிழன் பெருமையும் வேண்டாம்.

அக்கா மகளே அந்தக் கைடுக்காரர்களுக்கு எழுதினாள். ஆதாரம் என்று காரைக்குடி–திருப்பத்தூர் பஸ் டிக்கெட்டை ஒட்டியிருந்தாள். அது ஆதாரம் ஆகாதுடி என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.