பி53 ஆய்வு: தடித்த பேண்டை நம்பி ஏமாறாதீர்கள்

போன வாரம் ஆய்வகத்து ஜூனியர் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, பேண்ட் பாருங்க! மருந்து போட்ட செல்லில் பி53 எவ்வளவு இருக்கு!" பி53 என்பது புற்றுநோயைத் தடுக்கும் புரதம். வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடினால் அது பேண்டாக, அதாவது பட்டையாகத் தெரியும். அவள் காட்டியதில் மை கொட்டியதுபோல் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. பக்கத்தில் மருந்து போடாத செல்லின் லேனிலும் (ஒரு மாதிரிக்கு ஒரு வரிசை) அதே கறுப்பு. அதை அவள் கவனிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நானும் கவனிக்கவில்லை.

லோடிங் கன்ட்ரோல் (எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் இருக்கிறதா என்று காட்டும் ஒப்பீடு) வையுங்கள், ஆன்டிபாடியை உருக்கி உருக்கி உறைய வைக்காதீர்கள் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன். அதற்கு அப்பால் பி53 ஆய்வில் பலரும் செய்யும் தவறுகள் இவை.

எடை பொருந்தவில்லை என்று பதறுவது

பி53-இன் 393 அமினோ அமிலங்களின் எடையைக் கூட்டினால் ஏறத்தாழ 43.7 கிலோடால்டன்தான் வரும். புரோலின் மிகுந்த பகுதியால் ஜெல்லில் மெதுவாக ஓடி 53 கிலோடால்டன் இடத்தில் நிற்கிறது. பெயர் வந்ததும் அப்படித்தான். உங்கள் பேண்ட் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

அளவு வேறு, வேலை வேறு

எனக்கு இன்றும் எரிச்சல் வரும் தவறு இதுதான்.

பி53 ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து டிஎன்ஏவைப் பிடித்து, பி21, பேக்ஸ், பூமா போன்ற மரபணுக்களை இயக்குவதுதான் அதன் வேலை. நலமான செல்லில் அது அதிக நேரம் தங்காது. எம்டிஎம்2 என்ற புரதம் அதில் யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்டி அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எம்டிஎம்2-ஐ உண்டாக்கச் சொல்வதும் பி53தான். டிஎன்ஏ சேதமானால் இந்தப் பிடி தளர்ந்து பி53 சேர்கிறது. சரி, அப்படியானால் நிறைய பி53 இருந்தால் நிறைய வேலை நடக்கிறது என்றுதானே தோன்றும்?

டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியில் திரிபு வந்துவிட்டால் பி53 எம்டிஎம்2 மரபணுவைச் சரியாக இயக்காது. அழிக்க வேண்டிய ஆள் குறைவதால் கெட்டுப்போன பி53 குவிகிறது. குவிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, மிகத் தடித்த பேண்ட் பல சமயம் வேலை செய்யாத புரதத்தின் அடையாளம்.

நான் ஐந்து மாதம் இழந்தது 293டி என்ற ஆய்வகச் செல்களில். பி21 மரபணுவை இயக்கும் பகுதியான புரமோட்டரை, ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவோடு இணைத்து, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்ஸோரூபிசின் மருந்தைக் கொடுத்து, ஒளி கூடுமென்று காத்திருந்தேன். பேண்ட் தடியாக வந்தது, ஒளி அசையவில்லை. டோஸை மாற்றினேன், மீடியத்தை மாற்றினேன், மருந்தையே புதிதாக வாங்கினேன். ஒருநாள் பக்கத்து ஆய்வகத்து அண்ணன் கேட்டார்: "293டி-யில் அந்த 'டி' எதுக்குன்னு தெரியுமா?" எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜன். அது பி53-ஐ இறுகப் பிடித்துக்கொண்டு செயலிழக்க வைக்கும், அழியவும் விடாது. 1979-இல் பி53 கண்டுபிடிக்கப்பட்டதே அந்த டி ஆன்டிஜனோடு ஒட்டி வந்ததால்தான். பாடத்தில் படித்ததை என் செல்லோடு நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

துறையே ஒருமுறை இங்கே தடுமாறியது. ஆரம்பத்தில் குளோன் செய்யப்பட்ட பி53-களில் பல திரிபடைந்தவை. அதனால் இது புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்றே 1989 வரை பலர் நம்பினார்கள்.

ஆகவே செல்லைத் தொடும் முன் அதன் பி53 எப்படிப்பட்டது என்று தேடிப் பாருங்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் செல் வகைகளில் எச்1299-இல் பி53 கிடையாது. ஹீலாவில் மரபணு நன்றாக இருந்தாலும் எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐ அழித்துவிடும். எம்சிஎஃப்-7, எச்சிடி116 இரண்டிலும் இயல்பான பி53. ஜூனியர் வைத்திருந்தது எம்டிஏ-எம்பி-231. அதில் 280-ஆவது ஆர்ஜினின் லைசினாக மாறியிருக்கும்.

அப்புறம், அதே மெம்பிரேனில் பி21, எம்டிஎம்2 இரண்டையும் பாருங்கள். ஒரு லேனுக்கான செல்லுக்கு நட்லின்-3 என்ற மருந்தைக் கொடுங்கள். அது பி53-ஐ எம்டிஎம்2-இடமிருந்து பிரிக்கும். பி53 இயல்பானதாக இருந்தால் அதோடு பி21-உம் எம்டிஎம்2-உம் ஏற வேண்டும். அவளையும் அப்படிச் செய்யச் சொன்னேன். பி21 இருக்க வேண்டிய இடம் எல்லா லேனிலும் வெறுமையாக இருந்தது. மூன்று மாத முடிவுகளை அவள் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

ஆர்என்ஏவை அளந்து பி53 ஏறியது என்பது

வேண்டாம். சேதத்துக்குப் பிறகு மாறுவது பெரும்பாலும் புரதத்தின் ஆயுள்தான்.

ஒரே ஒரு நேரத்தில் பார்ப்பது

காமா கதிர் பட்ட எம்சிஎஃப்-7 செல்களில் பி53 சுமார் 5.5 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். நீங்கள் எடுத்த நேரம் இறக்கமாக இருந்தால் "மாற்றமில்லை" என்று எழுதிவிடுவீர்கள். குறைந்தது நான்கைந்து நேரப்புள்ளிகள் வையுங்கள்.

குறைந்த மரபணுவையெல்லாம் பி53 நேரடியாக அடக்கியது என்பது

பெரும்பாலும் அடக்குவது பி21 வழியாக. பி21 இல்லாத செல்லில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.