பைலட் படிப்புக்குப் பல்கலைக்கழகம் தேடும்முன்: சுங்கை சிப்புட் குடும்பங்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் சுங்கை சிப்புட்டில் கல்லூரிக் கையேடுகள் கைமாற ஆரம்பித்துவிடும். விமானப் படிப்புக் கையேடு என்றால் அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தோளில் நான்கு தங்கக் கோடு. அந்த நான்கு கோடு கேப்டனுக்கு உரியது. படிப்பை முடித்து வருகிறவர் அதைப் போட இன்னும் பல வருடம் ஆகும். கையேடு அதைச் சொல்லாது.

இது எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும். வீட்டில் இதற்கு முன்னால் யாரும் விமானத் துறையில் இருந்ததில்லை, கையில் பெரிய சேமிப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வரிசை முக்கியம். நூறு வெள்ளியில் தெரியவேண்டியதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இலட்சம் வெள்ளி கட்டவேண்டியதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு

பெரிய குழப்பமே இங்கேதான். விமானம் ஓட்ட அனுமதி தருவது பல்கலைக்கழகம் அல்ல, சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம். எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் இருந்தாலும் கார் ஓட்ட ஜே.பி.ஜே. லைசென்ஸ் தனியாக எடுப்பதில்லையா, அதே கதைதான்.

இங்குள்ள விமான நிறுவனங்கள் புதிய துணை விமானியிடம் முக்கியமாகக் கேட்பது மூன்று: சி.பி.எல். என்ற வணிக விமானி லைசென்ஸ், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான ஐ.ஆர்., அப்புறம் ஏ.டி.பி.எல். என்ற விமான நிறுவன விமானி லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி. அந்தத் தேர்வில் பல பாடங்கள். அதை முடித்தும் 1,500 மணி நேரம் பறந்திராதவரை 'ஃப்ரோஸன் ஏ.டி.பி.எல்.' வைத்திருப்பவர் என்பார்கள். வேலை விளம்பரங்களில் இந்தச் சொல்லைப் பார்ப்பீர்கள். பட்டம் இருந்தால் நல்லது, ஆனால் பொதுவாக அது கட்டாயம் இல்லை.

ஆகவே 'ஏவியேஷன் டிகிரி' என்று அச்சடித்த கையேட்டைப் பார்த்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் சி.பி.எல். கையில் வருமா?" ஏவியேஷன் மேனேஜ்மென்ட் படித்தால் விமான நிலையத்திலும் விமான நிறுவன அலுவலகத்திலும் வேலைக்குப் போகலாம். நல்ல படிப்புதான், ஆனால் அதில் ஒரு நிமிடம்கூடப் பறக்கமாட்டீர்கள். மூன்று வருடம் கழித்து இது தெரியவந்தால் யாரைக் குறை சொல்வது?

படி 2: உடம்பைப் பாருங்கள்

வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சி.ஏ.ஏ.எம். அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே எடுக்கலாம். பட்டியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. கண், காது, இதய வரைபடம், இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். செலவு சில நூறு வெள்ளி. கோலாலம்பூர் வரை போகவேண்டி வந்தாலும், நம் ஊர் நிலையத்திலேயே இ.டி.எஸ். இரயில் ஏறி ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

கண்ணாடி போட்டவர்கள் பயப்படவேண்டாம். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். பலரைத் தடுப்பது நிறக் குறைபாடுதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத இந்தக் குறை பெண்களைவிட ஆண்களுக்கு மிக அதிகம். அம்மா வழியாக மகனுக்கு வரும். அம்மாவின் அப்பாவுக்கு இருந்திருந்தால் பேரனுக்கும் இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட பையனுக்குப் பதினேழு வயதுவரை அது தெரியாமலே போகலாம். பச்சை இலையைப் பச்சை என்றுதான் அவனும் சொல்வான், சின்ன வயதிலிருந்து எல்லாரும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறானே.

இதைக் கண்டுபிடிக்க இஷிஹாரா என்ற புத்தகம் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக வண்ணப் புள்ளிகள்; அவற்றுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். நிறம் சரியாகத் தெரிபவர் 74 என்று படிக்கும் பக்கத்தை, குறைபாடு உள்ளவர் 21 என்று படிப்பார். பெரிய கண்ணாடிக் கடைகளில் இந்தப் புத்தகம் இருக்கும். கையேட்டைக் கையில் எடுக்கும்முன் தம்பியை அங்கே அழைத்துப் போங்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், திரையின் நிறம் ஏமாற்றும். கடையில் தவறினாலும் அதுவே கடைசித் தீர்ப்பு அல்ல, விமான மருத்துவர் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்வரை எங்கேயும் முன்பணம் கட்டாதீர்கள்.

ஆங்கிலமும் இங்கேயே பார்க்கவேண்டிய விஷயம். வானொலியில் கட்டுப்பாட்டு கோபுரத்தோடு பேச, அனைத்துலக அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள் இதை நினைத்துத் தயங்கத் தேவையில்லை. கேட்பது இலக்கிய ஆங்கிலம் அல்ல, தெளிவாகப் பேசவும் எதிராளி சொல்வதைப் பிடிக்கவும் தெரிந்தால் போதும்.

படி 3: எந்த வழி?

பட்டமும் லைசென்ஸும் இரண்டும் வேண்டும் என்றால் நடைமுறையில் மூன்று வழி.

முதல் வழி, தனியார் கல்லூரியும் பறக்கும் பள்ளியும் சேர்ந்து தரும் கூட்டுப் படிப்பு. ஒரே கையெழுத்தில் எல்லாம் முடியும், கட்டணமும் ஒரே மூட்டையாக வரும். இரண்டாவது, நேராகப் பறக்கும் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டு, பிறகு தொலைநிலையில் பட்டம் படிப்பது. மலாக்கா பத்து பெரெண்டாமிலும் லங்காவியிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் பல வருடமாக இருக்கின்றன. வேகமான வழி, ஆனால் முழுப் பணமும் ஆரம்பத்திலேயே வேண்டும்.

மூன்றாவது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதலில் பட்டம். நிபோங் திபாலில் உள்ள யு.எஸ்.எம். பொறியியல் வளாகம், செர்டாங்கில் யு.பி.எம்., ஜொகூரில் யு.டி.எம். மூன்றிலும் விமானம் சார்ந்த பொறியியல் (ஏரோஸ்பேஸ், ஏரோநாட்டிக்ஸ்) படிப்பு இருக்கிறது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கவேண்டும். அரசு மானியம் இருப்பதால் நான்கு வருடக் கட்டணமும் சேர்ந்தே தனியார் கல்லூரியின் ஒரு வருடக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். பட்டம் வாங்கி வேலைக்குப் போய்க் கொஞ்சம் சேர்த்தபின் லைசென்ஸ் எடுக்கலாம். விமான நிறுவனங்கள் தாங்களே ஆளெடுத்துப் பைலட்டாகப் பயிற்றுவிக்க அவ்வப்போது அறிவிக்கும் கேடட் பைலட் திட்டத்துக்கும் முயலலாம்.

தோட்டத்துக் குடும்பத்துக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. குறை இல்லாமல் இல்லை. விமான நிறுவனங்களில் சேர்ந்த தேதியை வைத்துத்தான் பணிமூப்பு, ஆகவே இருபது வயதில் சேர்ந்தவர் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவரைவிட முன்னால் நிற்பார். ஆனால் 2020-இல் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றபோது, லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வேறு துறையில் காட்ட ஒரு காகிதமும் இல்லை. கடனுக்குத் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அதே காரணத்துக்காகத்தான், கூட்டுப் படிப்பில் சேர்ந்தாலும் பட்டம் பொறியியலாகவோ கணக்கியலாகவோ இருந்தால் நல்லது என்பேன். பைலட் வேலை இல்லாத காலத்தில் பைலட்டுக்கு மட்டுமே உதவும் பட்டத்தை வைத்து என்ன செய்வது?

விமானத்தைத் தொட்டு வேலை செய்தாலே போதும் என்ற பிள்ளைகளுக்கு, டெங்கிலில் உள்ள யூனிகேஎல் மியாட் கல்லூரியின் விமானப் பராமரிப்புப் படிப்பையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு பதிவேடுகள்

பட்டத்துக்கு, படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேடு, பறக்கும் பள்ளிக்கு சி.ஏ.ஏ.எம். அங்கீகாரப் பட்டியல். இரண்டும் இணையத்தில் இலவசம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். அங்கீகாரம் தற்காலிகமா முழுமையா என்பதையும் பாருங்கள். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைக்காது.

படி 5: உண்மைக் கட்டணம்

இன்று மலேசியாவில் பறக்கும் பயிற்சிக்கு மட்டும் இரண்டரை முதல் நான்கு இலட்சம் வெள்ளி வரை எதிர்பாருங்கள். கையேட்டில் இருப்பது எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் செலவு. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் என்னுடையவை, உங்கள் கல்லூரியின் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கையேட்டில் 280,000 வெள்ளி. பயிற்சியில் பின்தங்கிக் கூடுதலாக 15 மணி நேரம் பறந்தால், மணிக்கு 1,000 வீதம் 15,000. தங்குமிடம் மாதம் 500, சாப்பாடு 600. 22 மாதத்துக்கு 24,200. தேர்வுக் கட்டணம், மருத்துவம், ஹெட்செட், வரைபடம், சீருடை எல்லாம் சேர்ந்து 10,000. மொத்தம் 329,200. பயிற்சி எட்டு மாதம் இழுத்தால் இன்னும் 8,800. இதற்கு மேல் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 ஓட்ட, அந்த விமான வகைக்கென்றே தனித் தகுதியான டைப் ரேட்டிங் வேண்டும். அதை நிறுவனம் தராவிட்டால் இன்னும் ஓர் இலட்சத்தை ஒட்டி ஆகலாம்.

பயிற்சி இழுப்பது சாதாரணமாக நடக்கும். மாணவர் பறக்க ஐந்து கிலோமீட்டர் தூரமாவது கண்ணுக்குத் தெரியவேண்டும். புகைமூட்டம் வந்தால் பறப்பு இல்லை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மழைக்காலம். விமானம் பழுதாகி உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தாலும் இதே நிலைமைதான். கல்லூரியில் கேட்கவேண்டிய கேள்வி, "படிப்பு எத்தனை மாதம்?" என்பதல்ல. "போன இரண்டு குழுக்கள் எத்தனை மாதத்தில் முடித்தன? மாணவர் எத்தனை பேர், இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர்?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

படி 6: பணம் எங்கிருந்து?

பி.டி.பி.டி.என். கடனுக்கு வருடம் ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம்தான். ஆனால் அது பட்டப்படிப்புக் கட்டணத்துக்குத்தான் கைகொடுக்கும், இலட்சக்கணக்கான பறப்புச் செலவைத் தாங்காது. மாரா உதவி பூமிபுத்ராக்களுக்கு உரியது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெற்றோர் தங்கள் ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்கலாம். பறப்புக் கட்டணத்துக்கும் செல்லுமா என்று ஈப்போ கிளையில் கல்லூரிக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடனுக்கும் விண்ணப்பியுங்கள். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தாவோ பாட்டியோ பங்கு வாங்கியிருந்தால், அந்தப் பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டுபோய்க் கல்வி உதவி உண்டா என்று விசாரியுங்கள். நம் ஊர்க்காரர்களின் அலமாரியில் அந்த அட்டை இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

மிச்சத்துக்கு வங்கி. லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து, அதை அடகு வைக்க முடியாது. தாமானில் வாங்கிய வீடுதான் மாட்டும். 300,000 வெள்ளியை, கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடும் 'ஃபிளாட்' முறையில் வருடம் ஐந்து விழுக்காட்டு வட்டிக்குப் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 3,750. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. பிள்ளைக்கு ஒரு வருடம் வேலை கிடைக்காவிட்டால் அந்தத் தவணையை வீட்டில் யார் கட்டுவது? கையெழுத்துப் போடும்முன் இதற்குப் பதில் வேண்டும். பதில் 'கூட்டு' (சீட்டு) எடுத்துச் சமாளிக்கலாம் என்றால், இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

படி 7: வெளிநாடு என்றால்

நியூசிலாந்தின் மாஸ்ஸி, ஆஸ்திரேலியாவின் கிரிஃபித், அமெரிக்காவின் எம்ப்ரி-ரிடில் போன்றவை பேர்போன இடங்கள், ஆனால் மலிவு இல்லை. அமெரிக்க விமானப் பட்டதாரி 1,500 மணி நேரத்துக்குப் பதில் 1,000 மணியிலேயே விமான நிறுவனத்தில் ஓட்டலாம் என்று முகவர் சொல்வார். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு அது உண்மைதான். அமெரிக்காவில் வேலை செய்ய உரிமை இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. திரும்பி வந்தால் அந்த லைசென்ஸை சி.ஏ.ஏ.எம். விதிப்படி மாற்றவேண்டும். அதற்கும் தேர்வு, அதற்கும் செலவு.

படி 8: நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்து

திறந்த நாளில் போகாமல் சாதாரண வேலை நாளில் போங்கள். காலை பத்து மணிக்கு வானம் தெளிவாக இருந்தும் எல்லா விமானமும் கொட்டகைக்குள்ளேயே நின்றால் ஏன் என்று கேளுங்கள். உணவகத்தில் இரண்டாம் வருட மாணவர் ஒருவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, "இதுவரை எத்தனை மணி நேரம் பறந்தீங்க தம்பி?" என்று கேட்டால், ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் தெரியும்.

"இன்னைக்கே முன்பணம் கட்டினா பத்தாயிரம் கழிவு அங்கிள்" என்று சொன்னால், ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அதில் மூன்று இடத்தை அடிக்கோடிட்டுப் படியுங்கள்: கட்டணம் கட்டம் கட்டமாகவா மொத்தமாகவா, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், பள்ளி மூடினாலோ அங்கீகாரம் போனாலோ உங்கள் பணமும் பறந்த மணிநேரப் பதிவேடும் என்ன ஆகும். பறந்த அளவுக்கு மட்டும் கட்டும் ஏற்பாடு உள்ள பள்ளி, மொத்தத் தொகையில் இருபதாயிரம் அதிகமாக இருந்தாலும் எனக்கு அதுதான் மலிவு. ஒப்பந்தத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ நன்றாகப் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள். மருத்துவச் சான்றிதழ் கைக்கு வந்தபின் முதல் தவணை கட்டுங்கள், இரசீதில் படிப்பின் முழுப் பெயரும் எழுதியிருக்கட்டும்.