உட்கார்ந்தே இருப்பவருக்கு மூச்சு வாங்காது

என் அண்ணனுக்கு பெக்கர் தசைச் சிதைவு நோய், பரம்பரையாக வந்து தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாக்குவது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை. மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா என்று எந்த டாக்டர் கேட்டாலும் "இல்லைங்க" என்பார், அது உண்மையும்கூட. மாடிப்படி ஏறுவதை விட்டே பத்து வருடம், பட்டறைக்கும் வீட்டுக்கும் வண்டி, இதயத்திடம் யாருமே வேலை வாங்கவில்லை, அப்புறம் எப்படி மூச்சு வாங்கும்? 41 வயதில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தபோது பம்பிங், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம். 55க்கு மேல் இருக்க வேண்டியது.

அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு, எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் அதுதான். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் கால் தசைக்கு மட்டுமல்ல, இதயத் தசைக்கும் வேண்டும். பெக்கரில் நன்றாக நடக்கிறவருக்குக்கூட இதயம் கெட்டிருக்கலாம், அதனால் காலை வைத்து இதயத்தைக் கணக்குப் போடாதீர்கள். நோய் தெரிந்த அன்றே ஒரு ஈசிஜி, எக்கோ, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. அண்ணன் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும், உட்கார்ந்தே இருப்பதால் வந்த வீக்கம் என்று விட்டோம். சாப்பிட்டதும் வயிறு உப்புசம், அதற்கு கேஸ் மாத்திரை. ராத்திரி இரண்டு தலையணை மூன்றானது, அதை யாரும் எண்ணவில்லை. இதெல்லாம் இதயம் தளர்வதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எக்கோ நார்மல் என்று நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. மயோட்டானிக் டிஸ்ட்ரோபி என்று இன்னொரு பரம்பரைத் தசை நோய், இறுகிய தசை சட்டென்று தளராது. அதில் பெரும்பாலும் பம்பிங் நன்றாகவே இருக்கும், கெடுவது இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதை. இந்த நோய் உள்ள, ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாமா ஒருவர் பஸ் கம்பியைப் பிடித்தால் இறங்கும்போது விரல்கள் சட்டென்று விடாது, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார். சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவில் இரண்டு தடவை கண் இருட்டி விழுந்தார். மலை ஏறினால் தலை சுற்றத்தானே செய்யும் என்றார்கள். ஈசிஜியில் பிஆர் இடைவெளி, அதாவது மின்சாரம் இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போக எடுக்கும் நேரம், 240 மில்லி செகண்டைத் தாண்டியிருந்தது (200 வரை இருக்கலாம்), இப்போது பேஸ்மேக்கர் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர் மயங்கி விழுந்தால் எங்கே விழுந்தார் என்பதை விடுங்கள், அன்றைக்கே ஈசிஜி எடுங்கள், தேவைப்பட்டால் ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் 24 மணி நேர ஹோல்டரும் வைக்கச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் ஏமாறுவோம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருப்பதைப் பார்த்து ஈரல் கோளாறு என்று, குடிக்காத அண்ணனை "குடிக்கிறீங்களா" என்று கேட்டார்கள். அது சிதைகிற தசையிலிருந்தும் வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் டிரோபோனின் டி-யும் அப்படி ஏறலாம், அதனால் தசை நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், டிரோபோனின் ஐ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு. "பிரஷர் 100தான் இருக்கு, இது பிரஷர் மாத்திரை ஆச்சே" என்று மருந்துக்கடையில் யாரோ சொல்ல, அண்ணன் ராமிப்ரிலை இரண்டு மாதம் விட்டுவிட்டார். சரி, அது பிரஷருக்கும் தருகிற மாத்திரைதான், ஆனால் இங்கே கொடுப்பது இதயத்தின் சுமையைக் குறைக்க. அளவை மாற்ற வேண்டும் என்றால் டாக்டர் மாற்றட்டும்.

குடலிறக்கமோ எலும்பு முறிவோ, எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்ற ஊசி தசைச் சிதைவு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தைத் திடீரென ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அண்ணன் பர்ஸில் இதை எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் இருக்கும்.

கடைசியாக, வீட்டுப் பெண்களை மறந்துவிடாதீர்கள். பெக்கர் மரபணு அம்மா வழியாக வரலாம், அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும். கை கால் திடமாக இருந்தாலும் அவர்களுக்கும் இதயம் பலவீனமாகலாம். எங்கள் அம்மா 67 வயதிலும் விறகுக் கட்டு தூக்குகிறவர், "எனக்கு என்னடா" என்றார். எடுத்துப் பார்த்தோம், பம்பிங் 46. அண்ணன் மகளுக்குப் பத்தொன்பது வயது, அடுத்த வாரம் அவளுக்கு எக்கோ.